கற்பூரம் வரும் வழி

எல்லா மோட்டார்களையும் நிறுத்தியாகிவிட்டது. ஆனாலும் அந்த அறைக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மாதேஸ்வரி சந்தனக் கிண்ணத்தைப் பிடித்தபடி காது கொடுத்துக் கேட்டாள். ஆயுத பூஜையன்று எந்த இயந்திரமும் ஓடக் கூடாது என்பது சூளகிரிப் பக்கத்துக் கம்பெனிகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம். மற்ற நாட்களில் இந்த மெஷின் ரூமில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். இன்று கம்ப்ரஸர்களும், காற்றை வெளியே இழுக்கும் பெரிய ஃபேனும் கழுத்தில் மாலையோடு கல்யாண மாப்பிள்ளைகள் போலச் சும்மா உட்கார்ந்திருந்தன. கூரைக் கண்ணாடி வழியாகப் பிற்பகல் வெயில் தரையில் விழுந்திருந்தது. சாமந்தியும் வாழையிலையும் பழைய ஆயிலும் கலந்த வாசனை வெதுவெதுப்பாக அசையாமல் நின்றது. அதற்கெல்லாம் அடியில்தான் அந்தச் சத்தம், மெல்லிசாக, விடாமல்.

வண்டிகளுக்குப் போகும் ரப்பர் குழாய்களை உறைய வைத்து, வெடிக்கிறதா என்று பார்க்கிற சோதனைக் கூடம் அது. மாதேஸ்வரி அங்கே டெக்னீஷியன். "பின்னாடி மெஷின் ரூமுக்கு நீயே பொட்டு வெச்சிடும்மா, உன் கை ராசியான கை" என்று சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் அனுப்பியிருந்தார். அவளும் ஒன்றை விடாமல் வைத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களும் வருவார்கள் என்பதால் மகள் தர்ஷினியும் பாவாடை சரசரக்க வந்திருந்தாள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் கற்பூரம் காட்டும் தட்டை இந்த வருஷம் தான்தான் பிடிப்பேன் என்று காலையிலிருந்து ஒரே அடம். சென்னகிருஷ்ணனும் சரி என்றுவிட்டார்.

மாதேஸ்வரி உள்ளே பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோதே யாரோ கதவைச் சாத்தினார்கள். தோரணம் கட்ட வந்த ஆட்கள் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரிப்பது கதவு மூடும்வரை கேட்டது. அப்போது அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சத்தத்தைத் தேடிப் போனாள். குளிரூட்டும் கேஸ் அடைத்த சுவரோரத் தொட்டியின் பின்னால் பென்சில் தடிமனில் ஒரு செப்புக் குழாய். கலர் காகிதத் தோரணத்தின் கயிற்றை அதில் முடிந்து, தொய்யாமல் இருக்க இழுத்துக் கட்டியிருந்தார்கள். குழாய் வளைந்து, வளைந்த இடத்தில் கீறல் விட்டிருந்தது. அடைக்கக் கூடிய வால்வு எதுவும் அதற்கு முன்னால் இல்லை. விரலை அருகில் கொண்டுபோனாள். ஊசி குத்துவது போலக் குளிர்ந்தது.

ஈத்தேன்.

மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஷௌகத் அண்ணன் வேலையில் சேர்ந்த புதிதில் சொல்லிக் கொடுத்தது காதில் கேட்டது. "இது சமையல் கேஸுக்குத் தம்பி மாதிரிம்மா. பெரிய ஆலைங்கள்ல இதை உடைச்சித்தான் எத்திலீன் எடுக்கறாங்க. உன் வூட்டு பக்கெட்டு, பால் கவரு, மாம்பழம் பழுக்க வெக்கிற கேஸு, எல்லாம் அதுலேர்ந்துதான். இங்க நமக்குக் குளிர் குடுக்குது. ஆனா சமையல் கேஸுல நாத்தம் கலந்து வுடறாங்க, கசிஞ்சா தெரியும். இதுல ஒண்ணுமே கிடையாது. மூக்கு முன்னாடி வந்து நின்னாலும் தெரியாது. ஒரு பொறி போதும்." இன்று அவர் மத்தூரில் தங்கை வீட்டில் இருந்தார். வெளியே இருந்தவர்களில் இதெல்லாம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி பாதி இறங்கி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள். அந்தப் பக்கம் ஈரமாக எதுவோ நசுங்கியது. வாழைக்கன்று. வாசலில் நட இடமில்லாமல் வெளிக் கைப்பிடியோடு சேர்த்து இறுகக் கட்டியிருக்கிறார்கள்.

"யாராச்சும் இருக்கீங்களா? கதவத் தொறங்க!"

கையகலத் தடிமனுள்ள கதவு அது. அதற்கு அப்பால் ஸ்பீக்கரில் மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. செல்போன் வழக்கம்போல வெளியே டிரேயில் கிடந்தது.

கேஸ் கசிந்தால் கத்த வேண்டிய டிடெக்டர் ஏன் கத்தவில்லை? திரும்பிப் பார்த்தாள். சுவரில் பச்சை விளக்கு சாதுவாக எரிந்தது. அதன் கீழே, காற்றை முகர்ந்து பார்க்கும் சல்லடை வாயின் மேல், வட்டமாகச் சந்தனம். நடுவில் குங்குமம். மற்ற பொட்டுகளைவிட அதைத்தான் அழகாக வைத்திருந்தாள்.

தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஓர் அடி எடுத்து வைத்தாள். புடவை சடசடத்தது. தினமும் போடும் பருத்திக் கோட்டு இல்லை இன்று. தர்ஷினி கெஞ்சியதற்காகக் கட்டி வந்த கத்தரிப்பூ நிற ஆர்ட் சில்க். ராத்திரியில் அவிழ்க்கும்போது பொறி பறக்கிற புடவை. அப்படியே நின்றாள். மடிப்புகள் காலோடு ஒட்டிக்கொண்டன. அசைந்தால் பொறி. அசையாமல் நின்றால், தொட்டிக்குப் பின்னால் மூச்சு.

மணிச் சத்தம் கேட்டது.

பூஜை தொடங்கிவிட்டது. முதலில் ஆபீஸ், பிறகு ஸ்டோர், பிறகு டெஸ்டிங், கடைசியில் இங்கே. வருஷா வருஷம் அதே வழி. தட்டில் எரியும் கற்பூரத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து வருவது அவள் பெற்ற பிள்ளை.

பூஜைக்குக் கொண்டுவந்த சொம்பில் இருந்த மஞ்சள் தண்ணீரை எடுத்துத் தலையிலிருந்து ஊற்றிக்கொண்டாள். புடவை நனைந்து கனத்தது. ஈர முந்தானையால் டிடெக்டரின் வாயைத் துடைத்தாள். சந்தனம் சல்லடைக்குள் இறங்கிக் காய்ந்திருந்தது. துடைத்தாள். ஊதினாள். நகத்தால் சுரண்டினாள். அந்தக் கேஸில் தலை லேசாகச் சுற்றியது. காரணமில்லாமல் சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு அவளைப் பயமுறுத்தியது.

பச்சை சிவப்பானது. கதவுக்கு வெளியே அலாரம் அலறியது.

அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டாள். காதைக் கதவிடுக்கில் வைத்தாள். ஓடி வருகிற கால்கள். சென்னகிருஷ்ணன்தான்.

"தோ, கத்த ஆரம்பிச்சிடுச்சு பாரு. சாம்பிராணி போட்டா போதும், வருஷா வருஷம் இதே ரோதனை. அந்த சுவிட்ச ஆஃப் பண்ணுப்பா."

அலாரம் நின்றது.

"சார்! சாம்பிராணி இல்ல சார்! கேஸு!"

குரல் கதவைத் தாண்டவில்லை. மூச்சு போதவில்லை. மணி இப்போது டெஸ்டிங் கூடத்தில்.

கூப்பிட்டால் கதவைத் திறப்பார்கள், நெருப்போடு. கூப்பிடாவிட்டால் மூடிய கதவுக்கே கற்பூரம் காட்டுவார்கள். கதவின் கீழே விரல் நுழையும் இடுக்கு இருந்தது. அதன் வழியாகக் காகிதத் தோரணத்தின் ஒரு துண்டு மெதுவாக வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. ஏதோ அதைத் தள்ளிக்கொண்டு போனது.

மணி. நெருங்கி.

"தர்ஷினி! தட்ட எடுத்துட்டு ஓடு! கிட்ட வராத!"

மேளம் நின்றது. யாரோ ஸ்பீக்கரை அணைத்திருந்தார்கள். அந்த அமைதியில் சின்னக் குரல்.

"அங்கிள், எங்கம்மா உள்ள இருக்குது! கூப்புடுது!"

"அய்யய்யோ, ஆளை உள்ள வெச்சா பூட்டுனீங்க? அவுருங்கப்பா கயித்த!"

"வேணாம்." உதடுகள் மட்டும் அசைந்தன. "வேணாம், வேணாம்."

கத்தி வாழைநாரை அறுக்கும் சத்தம். மாதேஸ்வரி கைப்பிடியை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். திறப்பதற்கு இல்லை. திறக்க விடாமல் இருப்பதற்கு. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். வெளியே பல கைகள். நல்ல மனிதர்கள். அவளைக் காப்பாற்ற வந்தவர்கள்.

"கதவு சிக்கிக்கிச்சுப்பா. எல்லாரும் சேர்ந்து இழுங்க!"

விரல் ஒன்று நழுவியது.

இன்னொன்று.

கதவு திறந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் அடைந்து கிடந்த காற்று அவளைத் தாண்டி, ஈரக் கூந்தலை அசைத்துக்கொண்டு, வெளியே நடந்தது.

வாசலில் தர்ஷினி. நெற்றியில் விபூதி, இரண்டு கைகளிலும் தட்டு, முகமெல்லாம் சிரிப்பு.

"தொட்டுக் கும்பிடும்மா."

சுடர் ஒருமுறை பின்வாங்கியது. பிறகு நிமிர்ந்தது. மஞ்சளின் உச்சியில் நீலமாக ஒன்று முளைத்தது, குழந்தையின் நெற்றி வரை, அதற்கும் மேலே, நின்று நிதானமாக வளர்ந்தது. வளர்ந்து, அறையின் பக்கம் தலையைச் சாய்த்தது.