ஷைனியின் ஊக்குக் கடை

ஷைனியின் வீட்டு அரிசி டிரம்முக்குள் அரிசியோடு நான்கு சீப்புகளும் இருந்தன.

நான்கும் அம்மாவுடையவை. ஒளித்து வைத்தது ஷைனி.

அம்மா ரோசலின் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். காலை பஸ்ஸில் வந்து, மாலை ஐந்தரை பஸ்ஸில் போய்விடுவார். எதையாவது விட்டுவிட்டுப் போனால் அதை எடுக்கவாவது சீக்கிரம் திரும்பி வருவார் என்பது ஷைனியின் திட்டம். அம்மாவோ ஒவ்வொரு முறையும் திருப்பூரில் புதுச் சீப்பு வாங்கிக்கொண்டார். திட்டத்தில் அது ஒன்றுதான் ஓட்டை.

வந்த அன்றைக்கு அம்மாவின் நீலப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதிலிருந்து ஒரு சேலையைக்கூட வெளியே எடுத்து வைக்க மாட்டார்.

"எல்லாத்தையும் எடுத்து பீரோவுல வையேம்மா."

"சாயங்காலம் மறுபடி அடுக்கணுமேடி."

பவுடர் டப்பா முதற்கொண்டு எல்லாம் பைக்குள்ளேயே குடியிருந்தன. வீட்டுக்கு வந்தது அம்மா மட்டும்தான். பை வரவே இல்லை என்று ஷைனிக்குத் தோன்றும்.

ஒரு வியாழக்கிழமை அம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா சிலுவைமுத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல ஒரு சின்னக் கடை இருந்தாப் போதும். நான் ஏன் இங்க வந்து கிடக்கேன்?" என்றார் அம்மா.

"கடைக்கு முதல் வேணும்ல ரோசி. முதல் இல்லாம யாராச்சும் கடை வைக்க முடியுமா?"

அது பதில் தேவைப்படாத கேள்வி. ஆனால் ஷைனி ஐந்தாம் வகுப்பு. அங்கே எந்தக் கேள்விக்கும் பதில் எழுதாமல் விட்டால் மார்க் போய்விடும்.

அதனால் அவள் யோசித்தாள்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷைனியின் வீடு திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் சாலையோரத்தில் இருந்தது. காவிச் சேலையும் பச்சை வேட்டியுமாக ஆட்கள் செருப்பில்லாமல் நடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். கொல்லையில் எலுமிச்சை மரம் காய்த்துக் கிடந்தது. சமையலறையில் சர்க்கரை இருந்தது. அப்புறம் என்ன?

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வந்ததும் ஒரு தக்காளிக் கிரேடைக் கவிழ்த்துப் போட்டு, மேலே குடத்தை வைத்தாள். அட்டையில் எழுதினாள்: 'எலுமிச்சை ஜூஸ். ஒரு டம்ளர் 5 ரூபாய்.'

முதலில் ஒரு கூட்டம் வந்தது. கூட்டத்துக்குத் தலைவர் போலிருந்த பெரிய மீசைக்காரர் ஒரு டம்ளர் குடித்தார். "தேவாமிர்தம்! டேய், எல்லாரும் வாங்கடா," என்று கூப்பிட்டார். ஒன்பது பேர் குடித்தார்கள். மீசைக்காரர் பையைத் திறந்தார். ஷைனி கையை நீட்டினாள். அவர் திருநீற்றை எடுத்து அவள் நெற்றியில் பூசினார்.

"நல்லா இருப்ப தாயி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காசு கேட்க ஷைனிக்கு வாய் வரவில்லை. அவருடைய உதடு அவ்வளவு காய்ந்து போயிருந்தது. குடித்த பிறகுதான் அது சிரித்தது.

பொழுது சாய்வதற்குள் இருபத்தேழு டம்ளர் தீர்ந்தது. கிடைத்தவை: நெற்றி நிறையத் திருநீறு, ஒரு வாழைப்பழம், அரை மூடித் தேங்காய்.

எதிரே மோர்ப் பந்தலிலிருந்து பாண்டியராஜ் வந்தான். அவளுடைய வகுப்புதான். அந்தப் பந்தல் அவன் மாமாவுடையது.

"ஏ ஷைனி, பழனி வரைக்கும் இந்த ரோட்டுல எல்லாமே சும்மா. சோறு சும்மா, மோர் சும்மா, தண்ணி சும்மா. குடிக்கக் குடுத்தா யாரும் அட்டையப் படிக்கவே மாட்டாங்க. இங்க வந்து ஜூஸ் விக்கிறியே!"

"உனக்கு வியாபாரம் பத்தித் தெரியுமாக்கும்?"

"எங்க மாமா பன்னெண்டு வருசமா மோர் ஊத்துறாரு. இன்னும் அஞ்சு பைசா லாபம் வரல. எனக்குத் தெரியாதா?"

ஷைனி அட்டையைக் கழற்றினாள். நாளை மறுநாள் ஞாயிறு. அம்மா வருவார். ஐந்தரைக்குப் போய்விடுவார்.

அப்போது கல்லூரிப் பெண் போல ஒருத்தி கிரேடு அருகில் வந்து நின்றாள். அவளுடைய தோள்பையின் வார் அறுந்து தொங்கியது. ஒரு கையால் பையை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"பாப்பா, ஒரு ஊக்கு கிடைக்குமா?"

ஷைனியிடம் ஒரே ஒரு ஊக்குதான் இருந்தது. அது அவளுடைய பாவாடையில் குத்தியிருந்தது. அடுத்த வருடமும் ஆகட்டும் என்று அப்பா ஒரு சுற்றுப் பெரிதாக வாங்கிய சீருடைப் பாவாடை அது. அவள் பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள்.

அந்த அக்கா பை வாரைக் குத்திக்கொண்டு பர்ஸைத் திறந்தாள். "எவ்வளவும்மா?"

ஷைனிக்கு அதிர்ச்சி. அன்று முழுவதும் யாரும் கேட்காத கேள்வி அது.

"பழைய ஊக்குதான்க்கா. வச்சுக்கங்க."

"பாவாடை?"

"அதுக்குத்தான் கை இருக்குல்ல."

அக்கா சிரித்துக்கொண்டே நடந்தாள். ஷைனி பாவாடையைப் பிடித்தபடி யோசித்தாள். ஜூஸுக்கு யாருமே காசு தரவில்லை. ஊக்குக்கு மட்டும் கேட்காமலே பர்ஸ் திறக்கிறதே!

அதே பிடியோடு மோர்ப் பந்தலுக்குப் போய் ஓரமாக நின்று பார்த்தாள். மோர் குடிக்க உட்காருகிறவர்கள் குடித்து முடித்ததும் தங்கள் பாதத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் கொப்புளத்தில் காகிதத்தைச் சுற்றினார். ஒரு பெண் பால் பாக்கெட் ரப்பரால் தலைமுடியைக் கட்டினார். இன்னொருவர் கிழிந்த பையைத் துண்டால் முடிந்தார்.

சோறு கொடுக்கப் பத்துப் பந்தல் இருந்தது. ஊக்கு கொடுக்க ஒருவரும் இல்லை.

ஷைனி அட்டையைத் திருப்பி, பின்பக்கம் எழுதினாள்: ஊக்கு, பிளாஸ்திரி, பஞ்சு, ரப்பர் பேண்டு, நூல்கண்டு.

சனிக்கிழமை அப்பா தக்காளி ஏற்றிய தன் குட்டியானை வண்டியில் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது ஷைனியும் ஏறிக்கொண்டாள். மார்க்கெட் பக்கத்துச் சந்தில் ஆரிபா அக்காவின் ஃபேன்சி ஸ்டோர் இருந்தது. முன்பு ஒரு முறை சீருடைக்குப் பட்டன் வாங்கப் போய் ஷைனிக்குப் பழக்கம்.

"என்னத்தா வேணும்?"

ஷைனி அட்டையை நீட்டினாள். "இதெல்லாம் வேணும்க்கா. ஆனா காசு இல்ல. வித்துட்டுத் தாரேன். விக்காததைத் திருப்பித் தாரேன்."

ஆரிபா அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுக்கு முன்னாடி வியாபாரம் செஞ்சிருக்கியா?"

"நேத்து செஞ்சேன். இருபத்தேழு ஜூஸ் போச்சு. யாரும் காசு தரல."

"இதை என்கிட்ட ஏன் சொல்ற? சொன்னா சரக்கு தருவேனா?"

"நீங்க கேட்டீங்கள்ல?"

ஆரிபா அக்கா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் காரணம் தெரியாமலே கூடச் சிரித்தார்கள்.

"பெரிய ஆளுகளே எங்கிட்ட சரக்கு கேட்கையில நஷ்டத்தைச் சொல்ல மாட்டாங்க. சரி, யாருக்கு விக்கப் போற?"

ஷைனி சொன்னாள். பாதங்களைப் பற்றி, பால் பாக்கெட் ரப்பரைப் பற்றி, துண்டு முடிச்சைப் பற்றி. ஆரிபா அக்கா கேட்டுக்கொண்டே ஒரு அட்டைப் பெட்டியில் சரக்கை எடுத்துப் போட்டார்.

"ஈடா என் டிபன் பாக்ஸை வச்சுட்டுப் போகவாக்கா?"

"அதை வச்சு நான் என்ன செய்ய? ஸ்கூலுக்கா போகப் போறேன்? பெட்டியத் தூக்குத்தா."

அன்று மாலை ஷைனி கிரேடை மோர்ப் பந்தலுக்குப் பக்கத்திலேயே போட்டாள். மோர் ஆட்களை உட்கார வைத்தது. உட்கார்ந்தவர்கள் பாதத்தைப் பார்த்தார்கள். பாதத்தைப் பார்த்தவர்கள் பிறகு ஷைனியைப் பார்த்தார்கள். பர்ஸைத் திறந்தார்கள்.

பாண்டியராஜ் அவள் காதில் சொன்னான்: "பிளாஸ்திரிக்கு இன்னும் ரெண்டு ரூபா கூட்டிச் சொல்லு. நடந்து வந்தவங்க வேற எங்க போவாங்க?"

"அடுத்த கடைக்கு நடந்து போவாங்க. நடக்கத்தானலே வந்திருக்காங்க!"

ஞாயிறு காலை திருப்பூர் பஸ் நின்றது. இறங்கிய அம்மா தன் வீட்டுக்கு முன்னால் கூட்டத்தைப் பார்த்தார். என்ன ஆனதோ என்று பதறி ஓடி வந்தார். நீலப் பை முதுகில் இடித்துக்கொண்டே வந்தது.

கூட்டத்தின் நடுவில் ஷைனி ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு தாத்தாவுக்குப் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"கடைம்மா."

"யாரு கடை?"

"உன் கடைதான். நீ வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

அம்மா குனிந்து கிரேடின் மேலிருந்த சரக்கைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் கிழிந்த பையை நீட்டினார். "ஏம்மா, இதுக்கு ஊக்கு தாங்குமா?"

அம்மா பையை வாங்கிப் பார்த்தார். பனியன் கம்பெனியில் ஒரு நாளைக்கு ஆயிரம் தையலைப் பார்க்கிற கண் அது.

"தாங்காதுண்ணே. குடுங்க," என்று தன் நீலப் பையிலிருந்து ஊசியை எடுத்தார். இரண்டே நிமிடத்தில் தைத்துக் கொடுத்தார். அதைப் பார்த்து இன்னொரு பை வந்தது. பிறகு ஒரு குடை வந்தது. மதியச் சோறு கிரேடின் மேலேயே நடந்தது.

ஐந்தரை பஸ் வந்து நின்றது. ஷைனி பஸ்ஸைப் பார்க்கவில்லை. ரப்பர் பேண்டுகளை நிறம் நிறமாகப் பிரித்தாள். பிரித்ததையே மறுபடி பிரித்தாள்.

"ரோசலினக்கா, ஏறலையா?" என்று கண்டக்டர் கத்தினார்.

அம்மாவின் பல்லிடுக்கில் நூல் இருந்தது. பேச முடியவில்லை. போங்கள் என்று கையை அசைத்தார்.

பஸ் போய்விட்டது. ஷைனி இன்னும் நிமிரவில்லை.

அம்மா நூலைக் கடித்துத் துண்டித்தார். "மதியமே கம்பெனிக்குப் போன் போட்டுப் பத்து நாள் லீவு சொல்லிட்டேன். பூசம் முடியட்டும்."

"அப்புறம்?"

பதிலை அப்பா சொன்னார். "ஆரிபா அக்காவுக்குப் போன் போட்டேன். பூசத்துக்கு அப்புறம் வாரச் சந்தையில கடை போட்டா வளையல், கிளிப்பெல்லாம் இதே மாதிரி தாரேன்னு சொல்லுச்சு. தையலும் போடலாமாம்."

"பார்க்கலாம்," என்றார் அம்மா.

அந்த வீட்டில் 'பார்க்கலாம்' என்று சொல்லப்பட்ட எதையும் ஷைனி இதுவரை பார்த்ததில்லை. சைக்கிள், நாய்க்குட்டி, மெரினா கடற்கரை எல்லாம் அப்படிப் போனவைதாம். அவள் மெதுவாக வீட்டுக்குள் போனாள்.

அம்மா பின்னாலேயே வந்தார். வழக்கம்போல் ஆணியில் மாட்டப் போன நீலப் பையைத் தரையில் கவிழ்த்தார். சேலைகள், பவுடர் டப்பா, துண்டு எல்லாம் விழுந்தன.

"நாளைக்குச் சரக்கெடுக்கப் பை வேணும்ல? இதையெல்லாம் பீரோவுல வை. ஆமா, என் சீப்பெல்லாம் எங்கடி?"

ஷைனி அரிசி டிரம்மைத் திறந்தாள்.

மறுநாள் காலை நீலப் பை அப்பாவோடு குட்டியானையில் ஏறித் திண்டுக்கல்லுக்குப் புறப்பட்டது. அம்மா ஷைனியோடு வாசலில் நின்று அதற்கு டாட்டா காட்டினார்.