ஓர்ஃபெலினா வீட்டின் மேல்காற்று

"கம்பியை அறுத்துடுங்க மேஸ்திரி."

"பொறுங்கம்மா. பில்லர் கம்பிய ஒரு ஆள் உயரம் விட்டு வெச்சா, பின்னாடி மாடி எழுப்பத் தோதா இருக்கும். இந்த மலைல எல்லாரும் அப்படித்தான் விடறாங்க."

"எல்லாரும் விடட்டும். வாடகை வீட்ல, மேல் வீட்டுக்காரன் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டே இருபது வருஷம் படுத்தவ நான். என் தலைக்கு மேல வானம் மட்டும் இருந்தா போதும். அறுங்க."

தனக்கும் அர்னோபியோ மேஸ்திரிக்கும் போன மாதம் நடந்த இந்தப் பேச்சை, ஓர்ஃபெலினா இரண்டு குரல்களிலும் நடித்துக் காட்டி முடித்தாள். எதிரே நாற்காலியில் எவேலியோ கறுப்புக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். காவல்துறைப் புலனாய்விலிருந்து ஓய்வு பெற்றவர். அவசரம் என்பதை எங்கோ தொலைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர். கீழே அழகு நிலையம் நடத்தும் அவருடைய அக்கா மகள் யமிலே, வாடிக்கையாளர் ஒருத்தியின் தலையைப் பாதிச் சுருளோடு விட்டுவிட்டு, கதை கேட்க மாடிக்கு ஓடி வந்திருந்தாள்.

"அறுத்தாரா?" என்றார் எவேலியோ.

"என் கண் முன்னாடி அறுத்தார். என் மகன், மருமக, பக்கத்து வீட்டு ஹில்தார்தோ எல்லாரும் நின்னு பாத்தாங்க. இன்னிக்குக் காலைல சென்ட்ரிங் பலகை மேல ஏறிப் பாக்கறேன், கம்பி முளைச்சு நிக்குது!"

"கீரை மாதிரியா?" என்றாள் யமிலே.

"சிரிக்காதடி. நாளைக்குத் தெருவே கூடி எனக்குத் தளம் போடப் போகுது. கோழி வாங்கியாச்சு, வாழைக்காய், கிழங்கு எல்லாம் வாங்கியாச்சு. ஜன்னலே இன்னும் வெக்கல, அதுக்குத் திரைகூட மருமக தெச்சுட்டா. இப்பப் போய் இப்படி! கான்கிரீட் விழுந்தா கம்பி அதோட இறுகிப் போயிடும். அப்புறம் என் காத்து என்னோடது இல்ல."

மெதெயின் நகரத்துக்கு மேலே ஏறும் அந்தச் சரிவில், வீட்டின் தளத்துக்கு மேலிருக்கும் வெற்றிடத்துக்கும் விலை உண்டு. அதைக் காற்று என்பார்கள். காற்றை விற்கலாம், மகளுக்குச் சீராகக் கொடுக்கலாம், தம்பிக்கு விட்டுக்கொடுக்கலாம். தூண்கம்பி தளத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், அங்கே இன்னொரு வீடு வரப்போகிறது என்று தெருவுக்கே சொல்லியாகிவிட்டது என்று அர்த்தம்.

"ஹில்தார்தோதான் பண்ணியிருப்பான். பில்லியர்ட்ஸ் கூடம் வெக்க என் காத்த விலைக்குக் கேட்டான். என் தலைக்கு மேல பந்து உருட்டுவானாம்! ஆள் யாருன்னு தெரியாம நாளைக்கு ஒரு சட்டி கான்கிரீட் விழாது. வர்றவங்களத் திருப்பி அனுப்பிடுவேன்."

"மழைக்காலம் தொடங்கிடுச்சே. சிமெண்ட் மூட்டை கல்லாயிடுமே" என்றாள் யமிலே.

"ஆகட்டும்."

எவேலியோ காப்பியைக் குடித்து முடித்தார். "நானே என் அக்காவோட காத்துலதான் குடியிருக்கேன். அதோட அருமை எனக்குத் தெரியும். வாங்க, பாக்கலாம்."

ஓர்ஃபெலினாவின் புது வீடு சிறியது. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறையும் இன்னோர் அறையும். ஆறு தூண்கள். முட்டுக் கொடுத்த பலகைகளின்மேல் தளத்துக்கான கம்பி வலை விரிந்து கிடந்தது. அதில் கால் வைத்த உடனேயே மேஸ்திரியின் கட்டுக்கம்பி நுனி ஒன்று யமிலேயின் பாவாடையைப் பிடித்துக் கிழித்தது.

"புதுப் பாவாடை மாமா!"

"அதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் எவேலியோ.

பின்பக்கத்து நான்கு தூண்களிலும் புதுக் கம்பிகள் நின்றன. அவற்றின் அடியை மடக்கி பீமுக்குள் இறக்கி, பழைய கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது. உச்சியில் யார் கண்ணையும் குத்தாமலிருக்க பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்திருந்தது. முன்பக்கத்து இரண்டு தூண்கள் மட்டும் அறுத்தபடியே மொட்டையாக இருந்தன.

ஒவ்வொரு கம்பியிலும் தளமட்டத்தில் மெல்லிய நீலக்கோடு. யமிலே அதைத் தேய்த்துப் பார்த்தாள். "கண்ணுக்குத் தீட்டற பென்சில் இல்ல மாமா. அதுன்னா ஒட்டும். இது பொடியா உதிருது." பிறகு கட்டுகளின்மேல் விரலை ஓட்டினாள். "இங்க ஒண்ணுகூடக் கீறல. நுனியெல்லாம் உள்பக்கமா மடக்கியிருக்கு."

கீழே மணலில் பெரிய பூட்ஸ் தடம் ஒன்று தெரிந்தது. அவள் கண்கள் மின்னின. "மாமா, காலடி!"

"என் காலடிதான்!" என்று பக்கத்துச் சுவருக்கு மேல் ஹில்தார்தோவின் தலை எழுந்தது. இரும்புக் கதவு செய்பவர். வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். "நாளைக்காகச் சட்டி கொண்டுவந்து வெச்சேன். மணல்ல நடக்காம பறந்தா வர முடியும்? அக்கா, நான் காத்த விலைக்குக் கேட்டேன். திருட வரல."

"வாயப் பாரு!" என்றாள் ஓர்ஃபெலினா.

அப்போது மருமகள் நூரி வெல்லத் தண்ணீர்க் கூஜாவோடு படியேறி வந்தாள். ஆடை ஆலையிலிருந்து நேராக வந்திருந்தாள். அளவுநாடா இன்னும் கழுத்திலேயே தொங்கியது. எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, மாமியார் பக்கத்தில் தயங்கி நின்றாள்.

"அத்தை..."

"என்ன?"

"இல்ல... இனிப்பு போதுமா?"

"போதும், போதும்."

அவள் இறங்கிப் போகும்வரை எவேலியோ காத்திருந்தார். "ஓர்ஃபெலினா, இந்த முன்னறை எதுக்கு?"

"விருந்தாளி உக்கார்ற இடம்னு மேஸ்திரி கட்டினார். ஆனா நான் இங்கதான் கட்டில் போடப் போறேன். ராத்திரி ஊரு வெளக்கெல்லாம் தெரியும். இத யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாங்க."

"இந்த ஜன்னலுக்குத் தெச்ச திரை? கனமானதா?"

"உள்துணி வெச்சு நல்ல கனம். விடிஞ்சப்புறமும் தூங்கணும்னா இழுத்து விட்டுக்கலாம்ல."

"கோழிய அடுப்புல ஏத்துங்க" என்றார் எவேலியோ. "நாளைக்கு எல்லாரும் வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப்படிகளில் மேலிருந்து கீழ்வரை ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மூன்று கல் அடுப்பில் பெரிய அண்டா கொதித்தது. மணல், ஜல்லி, கலவை எந்திரம் எல்லாம் தயார். ஆனால் எந்திரத்தின் முன்னால் ஓர்ஃபெலினா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எவேலியோ ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். "முதல்ல ஹில்தார்தோ. இவர் கைக்கு வெல்டிங் மெஷின்தான் வரும். அடுத்தவங்க காத்தப் பிடிக்கணும்னு வந்திருந்தா, பிரிக்கவே முடியாதபடி பத்த வெச்சுட்டுப் போயிருப்பார். இது வெறும் கட்டு. குறடு ஒண்ணு இருந்தா உக்காந்த இடத்துல அவுத்துடலாம். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா எடுத்துடறேங்கற மாதிரி கட்டின கட்டு."

"பாத்தீங்களா!" என்றார் ஹில்தார்தோ. "நேத்தெல்லாம் என்னத் திருடன்னாங்க."

"அப்ப மேஸ்திரியா?" என்றது வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அவர் கட்டினா பாவாடை கிழியும்" என்றாள் யமிலே. எல்லாரும் சிரித்தார்கள். அர்னோபியோ மேஸ்திரியும்தான்.

"அடுத்தது, முன்பக்கம் ரெண்டு தூணை விட்டது. காத்துக்கு ஆசைப்படறவன் அதுல ஒரு பகுதியை ஏன் வீணாக்கணும்? முன்னறைக்கு மேல வீடு வரக் கூடாதுன்னு ஒருத்தர் நெனச்சிருக்கார். அங்க ஓர்ஃபெலினா படுக்கப் போறாங்கன்னு மேஸ்திரிக்கே தெரியாது. ஆனா விருந்தாளி உக்கார்ற அறைக்கு உள்துணி வெச்ச கனத்திரை எதுக்குன்னு, அதைத் தெச்சவங்களுக்குத் தெரியும்."

ஓர்ஃபெலினாவின் கைகள் மெல்ல அவிழ்ந்தன.

"கம்பில இருக்கற நீலக்கோடு, துணில வெட்டுக்கோடு போடற சாக்பீஸ். கட்டு நுனியெல்லாம் உள்ள மடக்கியிருக்கு. நூல் முடிச்சு வெளிய தெரியக் கூடாதுன்னு பழகின கை அது. இரும்பக் கட்டும்போதும் அந்தப் பழக்கம் போகல."

சட்டியோடு வரிசையில் நின்ற நூரியைத் தெருவே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்ற அவள் கணவன் வில்மாரின் வாய் திறந்தபடி இருந்தது. "நீயா? எனக்கே தெரியாதே!"

"அடடா" என்றார் மேஸ்திரி. "பீமுக்குள்ள கம்பி எப்படி நிக்கும்னு போன வாரம் இந்தப் பொண்ணு கேட்டுது. சும்மா பேச்சுக்குக் கேக்குதுன்னு விலாவாரியா சொல்லிக் குடுத்தேன். சொன்னது சொன்னபடி செஞ்சிருக்கு. கட்டு நல்லாத்தான் இருக்கும்மா."

ஓர்ஃபெலினா மேஸ்திரியின் இடுப்பிலிருந்து குறடை உருவிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நூரி தரையைப் பார்த்தாள். மேலே, முதல் தூணின் கட்டில் குறடை வைத்து ஓர்ஃபெலினா பலமாகத் திருகினாள்.

"அம்மா!" என்று கத்தினார் மேஸ்திரி. "அந்தப் பக்கம் திருகினா அவுறாது. இறுகும்."

"தெரியும் மேஸ்திரி. இந்த ஒண்ணு கொஞ்சம் தளர்வா இருந்துது."

கீழே யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஓர்ஃபெலினா கையை உயர்த்தி அதை நிறுத்தினாள். "நூரி, மேல வா."

அவள் ஏறி வந்தாள். நெற்றியெல்லாம் சிமெண்ட் தூசி. மாமியார் மொட்டையாக நின்ற முன்தூண்களைக் குறடால் காட்டினாள். "இதை விட்டுட்டா உங்களுக்கு ஒரு ரூம் குறையுமே?"

"உங்க கட்டில் அதுக்குக் கீழதான வரும். அதுக்கு மேல யாரும் நடக்கமாட்டோம்."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்கிட்ட வர்ற, வாயத் திறக்கற, இனிப்பு போதுமான்னு கேட்டுட்டுப் போற. இரும்பக் கட்டத் தெரிஞ்சவளுக்கு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா? கீழ எல்லாரும் சட்டியத் தூக்கிட்டு நிக்கறாங்க, பாரு. மழையும் வரப்போகுது. நீ கேக்காம நான் கான்கிரீட் போடறதா இல்ல."

மலைக்கு அப்பால் எங்கோ இடி முழங்கியது. நூரி கழுத்திலிருந்த அளவுநாடாவை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு, படி வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அத்தை, உங்க காத்த எங்களுக்குக் குடுங்க."