பூவரசு வேலியில் மூன்று குஞ்சுகள்

தென்னோலைக் கிடுகு வேலிப் பொத்தலில் ஒரு கண்!

கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கமலேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாளித் தண்ணீரை அப்படியே வேலியோடு வீசினாள். அந்தப் பக்கம் ஒரு தும்மல். பிறகு நனைந்த குரலொன்று, தான் பார்த்தது குருவியை என்று மரியாதையாகச் சொன்னது... சீனன்குடாவில் வேலை கிடைத்து, போன மாதம் அன்புவழிபுரத்துப் பின்வீட்டுக்கு வாடகைக்கு வந்த தவராசா.

எவ்வளவு துணிச்சலான பொய்! முகம் சிவக்கத் திரும்பியவள் நின்றுவிட்டாள். வேலியைத் தாங்கும் உயிர்க் கதியாலாக நட்ட பூவரசில் இரண்டு இலைகளைச் சேர்த்து யாரோ தைத்திருந்தார்கள். யாரோ இல்லை, தையற்சிட்டு! ஐயோ, தண்ணீரையும் ஊற்றியாயிற்றே...

கூட்டின் வாய் அவன் பக்கம். சிட்டு புழுவோடு வந்து குந்தும் கிளை இவள் பக்கம். ஆளுக்குப் பாதிதான் தெரிந்தது. மற்றப் பாதியைக் கேட்டால்தானே தெரியும்? காலையில் அவன் வேலைக்குப் போகுமுன் கூட்டுக்குள் நடப்பதைச் சொல்வான். இவள் வந்த புழுக்களை எண்ணிச் சொல்வாள். முட்டை மூன்று... பிறகு குஞ்சும் மூன்று. அவன் கண்கள் எப்படியிருக்கும் என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

மாரி மழைக்கு முன் வேலி அடைக்கவென்று அப்பா அருளம்பலம் கிடுகு கொண்டுவந்து இறக்கினார். பின்வளவில் கல்யாணமாகாத இளந்தாரி இருக்கிறானாம். நாளைக்கே கதியால் கிளைகளையும் வெட்டி, ஒரு பொத்தலும் இல்லாமல் அடைக்க வேண்டுமாம். கமலேஸ்வரி பதறிப்போனாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா. கூட்டில மூண்டு குஞ்சு கிடக்கு."

அப்பா வேலியடிக்குப் போனார். கூட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"இஞ்சால நிண்டு பாத்தா இலை மட்டும்தான் தெரியுது. மூண்டெண்டு ஆர் சொன்னது?"

அடி அசடே! என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்பா, குஞ்சுகள் பறந்த அன்றே தனக்கு அறிவிக்க வேண்டும், அன்றே வேலி அடைபடும் என்று அந்தப் பக்கம் கேட்கும்படி உரத்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பின் தினமும் தவராசா குஞ்சுகள் சுகமென்றான். ஒன்று நன்றாகக் கொழுத்துவிட்டதாம்... இவளும் ஓமென்று கேட்டுக்கொண்டாள். பத்தாம் நாள், மழை தூறிய காலையில், அவன் குரல் தடுமாறியது.

"குஞ்சுகள் பறந்து நாலு நாளாச்சு. சொன்னால் வேலியை அடைச்சுப் போடுவினம், பிறகு உங்களோட கதைக்க ஏலாது... அதுதான் பொய் சொன்னனான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. முன்வாசல் படலையால வந்து உங்கட அப்பாவிட்டக் கேக்கட்டோ?"

கமலேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"நாலு நாளா இந்தப் பக்கம் ஒரு புழுவும் வரேல்லை," என்றாள். "நானும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை... வாங்கோ. அப்பா வீட்டிலதான் நிக்கிறார்."