பவளத்தில் இரண்டு கட்டிகள்

பவளத்தில் இருந்த கட்டியை முதலில் பார்த்தவள் குண்டூசிதான். ஆளும் மெலிவு, பார்வையும் கூர்மை என்று அண்ணன் வைத்த பட்டப்பெயர் அது. வீட்டில் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

"அப்பா! இங்க வாங்களேன். பவளத்துக்கு என்னமோ ஆயிடுச்சு!"

கூடத்தின் சுவரோரம் உப்புநீர் நிறைந்த கண்ணாடித் தொட்டி இருந்தது. அதன் நடுவே ஒரு கல்லின் மேல் இளஞ்சிவப்புப் பவளம். மெல்லிய கிளைகள் பின்னிப் பின்னி வளர்வதால் அதைக் குருவிக்கூட்டுப் பவளம் என்பார் அப்பா. வாங்கி வந்தபோது கட்டைவிரல் அளவுதான் இருந்தது. இப்போது குண்டூசியின் இரண்டு கைகளுக்குள்ளும் அடங்காது.

அப்பா கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தார். இரண்டு கிளைகளின் நுனிகள் மட்டும் கூராக இல்லாமல், உருண்டு வீங்கியிருந்தன.

"அட, ஆமா! தினமும்தான் பாக்குறேன். என் கண்ணுல படவே இல்லையே."

"நீங்க மீனை மட்டும்தானே பாப்பீங்க."

அப்பா போனில் படம் எடுத்து, பவளம் வாங்கிய வளர்ப்பு மீன்கடைக்காரருக்கு அனுப்பினார். உடனே அவர் கூப்பிட்டார்.

"நோய் மாதிரிதான் தெரியுது சார். பரவுறதுக்கு முன்னாடி வெட்டி எடுத்துடுங்க."

அப்பா தாடையைச் சொறிந்தார். "கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாமா?"

"வேணாம்ப்பா!" குண்டூசி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "முழுசும் பரவிட்டா என்ன பண்றது? இப்பவே வெட்டுங்க. ப்ளீஸ்ப்பா!"

அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, சிறிய குறட்டைத் தண்ணீருக்குள் விட்டார். டக்! ஒரு கட்டி கையோடு வந்தது. அதை ஒரு தட்டில் வைத்தார்.

"இன்னொன்னு பின்பக்கம் இருக்கு. கல்லை நகர்த்தணும். நாளைக்கு எடுத்துடலாம்."

பவளம் பிழைத்துவிட்டது என்று குண்டூசி அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அந்தத் தட்டைப் பார்த்தாள். கட்டி காய்ந்து வெளுத்திருந்தது. உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். இரண்டு கைகளைக் குவித்து மூடியது போல இருந்தது. விரல் இடுக்குகள் மாதிரி அதில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

உள்ளே ஏதோ இருந்தது.

வீட்டின் முன்னறையில்தான் அம்மாவின் பல் மருத்துவமனை. கடைசி நோயாளி அப்போதுதான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

"அம்மா, பல்லு பாக்குற கண்ணாடி ஒண்ணு குடுங்களேன்."

"யாருக்குப் பல்வலி?"

"பவளத்துக்கு."

அம்மா சிரித்துக்கொண்டே விளக்கைத் திருப்பினாள். கட்டியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. மெல்லிய ஊசியால் விளிம்பை நெம்பினாள். கட்டி இரண்டாகப் பிளந்தது.

உள்ளே ஒரு நண்டு. மிளகு அளவுதான் இருக்கும். கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

குண்டூசி ஓடிப்போய்க் கிண்ணத்தில் தொட்டி நீரை அள்ளி வந்தாள். நண்டை அதில் விட்டார்கள். காத்திருந்தார்கள். அது அசையவே இல்லை.

"நேத்து உயிரோட இருந்துச்சாம்மா?"

அம்மா ஊசியைக் கீழே வைத்தாள். "இருந்திருக்கும்டா."

"அப்பா பொறுத்துப் பாக்கலாம்னாரு. நான்தான் வெட்டச் சொன்னேன்."

"உனக்குத் தெரியாதேடா," என்றாள் அம்மா.

தெரியாதுதான். ஆனாலும் அழுகை வந்தது.

அப்போது கூடத்தில் கல் நகரும் சத்தம் கேட்டது. குண்டூசி பல் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாய்ந்து ஓடினாள்.

"அப்பா! வெட்டாதீங்க!"

தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்த அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். குறடு அடுத்த கட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

"நேத்து நீதானே அவசரப்படுத்தின?"

"நேத்து நான் உள்ள பாக்கலப்பா. அம்மா பல்லைப் பிடுங்குறதுக்கு முன்னாடி வாயைத் திறந்து பாக்குறாங்கல்ல? நாம பாக்கவே இல்லையே!"

அவள் முக்காலியில் ஏறி, கண்ணாடியை மெதுவாகப் பவளத்தின் பின்னால் கொண்டுபோனாள். சத்தம் கேட்டு வந்த அண்ணன் டார்ச் அடித்தான். ஓட்டைக்குப் பின்னால் இரண்டு கரும்புள்ளிகள் தெரிந்தன. பிறகு நூல் போன்ற ஒரு கால் அசைந்தது.

"இருக்குப்பா," என்று கிசுகிசுத்தாள்.

அப்பா குறட்டை வெளியே எடுத்தார்.

மீன்கடைக்காரர் போனில் வருத்தப்பட்டார். "அடடா, படம் கலங்கலா இருந்துச்சு சார். நண்டா? அப்போ விட்டுடுங்க. குஞ்சா வந்து கிளையில உக்காரும். பவளம் சுத்தி வளர்ந்து மூடிக்கும். அப்புறம் அதால வெளிய வர முடியாது. ஓட்டை வழியா வர்றதைத் தின்னுட்டு உள்ளேயே இருக்கும். பவளத்துக்குப் பெருசா கெடுதல் இல்ல."

"நம்ம வீட்டுலயே ஒரு குடித்தனம்! நமக்குத் தெரியவே இல்ல பாரு," என்றான் அண்ணன்.

அப்பா சிரித்தார். குண்டூசிக்குச் சிரிப்பு வரவில்லை.

வெட்டிய இடத்தில் மெல்ல ஒரு புது நுனி முளைத்தது. கூராக, அழகாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனசு என்னவோ போல ஆகும்.

மீன்களுக்குத் தீனி போடும்போது, பொடித்த தூளைக் கொஞ்சம் மூடிய வீட்டின் பக்கமும் தூவுவாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து ஏதோ முணுமுணுப்பாள்.

"யாருகிட்ட பேசுற, குண்டூசி?" என்று ஒருநாள் அண்ணன் கேட்டான்.

"நண்டுகிட்ட. பக்கத்து வீடுதான் காலியாயிடுச்சுல்ல. அதுக்குப் பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?"

அண்ணன் கேலி செய்யவில்லை. இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.