ஏழாம் வண்டியின் சான்றிதழ்

ஆறு வண்டிகளுக்கு எதிரே பச்சைக் குறி விழுந்தது. ஏழாவதற்கு மட்டும் விழவில்லை. பதிலே வராமல் இருந்திருந்தால் லொசலினி இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். புழுதிக் காற்றில் சிக்னல் அறுந்துபோவது அந்த ஊரில் புதிதில்லை. ஆனால் பதில் வந்திருந்தது. வந்த பதிலைத்தான் கணினி வாங்கிக்கொள்ள மறுத்தது.

'இது தன்னை யாரென்று சொல்கிறதோ, அதுதானா என்று உறுதிசெய்ய முடியவில்லை.'

ஏழாம் வண்டியில் போயிருப்பவன் அவள் அண்ணன் எபேலி.

பிற்பகல்தான். ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே வானம் காய்ந்த ரத்தத்தின் நிறத்துக்கு வந்து, எதிரிலிருந்த ஷெட்டும் அதன் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்துகொண்டிருந்தன. தகரக் கூரையில் மணல் விழும் சத்தம் யாரோ ஓயாமல் அரிசி புடைப்பதுபோல் கேட்டது. கதவிடுக்கில் ஈரத்துண்டு அடைத்தும் நாக்கில் மண் ருசி. அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில்லுக்கு வடக்கே, ஆட்டுப் பண்ணைகளின் ஆழ்குழாய் பம்புகளைப் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனத்தின் அலுவலகம் அது. ஓட்டுநர்கள் தனியாகத்தான் போவார்கள். மார்பில் மாட்டிய பொத்தானை மணிக்கொரு தரம் அழுத்தினால் 'நலம்' என்று அலுவலகத்துக்குச் செய்தி வரும். வராவிட்டால் தேட ஆள் போகவேண்டும். காலையில் மின்சாரம் போய் வந்ததிலிருந்து செய்திகள் வரும் திரை செத்துக் கிடந்தது. அந்தப் பொத்தான் கருவியைச் செய்த கம்பெனிக்காரர்கள் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் நிரலை அனுப்பி, கணினியில் இறக்கி ஓட்டுங்கள், ஒவ்வொரு வண்டியையும் நேராகவே விசாரிக்கும் என்றார்கள்.

ஓட்டினாள். முதலில் ஏழுமே சிவப்பு. தேடித் துழாவியதில், மின்சாரம் போனபோது கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருந்தது தெரிந்தது. அந்தத் தேதியில் எந்த வண்டியின் சான்றிதழும், அதாவது தான் யாரென்று காட்ட அது நீட்டும் அடையாளச் சீட்டு, பிறக்கவேயில்லை. கடிகாரத்தைத் திருத்தியதும் ஆறு வண்டிகள் தேறின. ஏழாவதன் சான்றிதழைத் திறந்து பார்த்தாள். மற்றவற்றில் கம்பெனி கையெழுத்திட்டிருந்த இடத்தில், அந்த வண்டி தனக்குத் தானே கையெழுத்துப் போட்டிருந்தது. நான் எபேலியின் வண்டி, அதற்குச் சாட்சியும் நானே, என்பதுபோல.

"என்ன லொசா, பொட்டி என்ன சொல்லுது?" ஷெட்டைப் பார்த்துக்கொள்ளும் டாரில் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தார். அதில் சாவிகளோடு ஒரு பீர் பாட்டில் திறப்பானும் தொங்கும். அவர் வருவது அவருக்கு முன்னால் கேட்கும்.

"ஏழாம் நம்பர் யாருன்னு தெரியலங்குது."

"எனக்குத் தெரியுமே. ஃபிஜிக்காரன், கதவுல தலை இடிக்கிற உயரம், என் பிஸ்கட் டப்பாவக் காலி பண்ணவன். இதப் போட்டு அனுப்பு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு நாளாக இருந்தால் வந்திருக்கும். அவர்கள் தீவில், வயதுக்கு வந்தபின் அண்ணனும் தங்கையும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்ள மாட்டார்கள். அதுதான் மரியாதை, அதுதான் பாசமும். எது சொல்வதானாலும் நடுவே ஒருவர் வேண்டும். இந்த ஊரில் அது டாரில். நேற்றுகூட எபேலி இதே அறையில், இவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "டாரில், என் தங்கச்சிகிட்ட சொல்லு, சாப்பாட்டுல உப்பே இல்ல" என்று ஆரம்பித்தான்.

"லொசா, உப்பு இல்லியாம்."

"நாக்கு செத்துப்போச்சான்னு கேளுங்க."

"அவ என்ன சொல்றா, டாரில்?" காதில் விழுந்ததையே கேட்பான்.

"நாக்கு செத்துப்போச்சான்னு கேக்குறா. ஏம்ப்பா, தபால்காரனுக்குக்கூட ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. எனக்கு மட்டும் கிடையாதா?"

இன்று மதியத்திலிருந்து ரேடியோவில் அவன் குரல் இல்லை.

"கென்னும் அவன் ஆளுங்களும் தேடப் போக வாசல்ல வண்டியக் கிளப்பி வச்சிருக்காங்க," என்றார் டாரில். இப்போது சாவி சுழலவில்லை. "இந்தப் புழுதில அனுப்புனா அப்புறம் அவங்களையும் சேத்துத் தேடணும். போகணுமா வேண்டாமா? நீதான் சொல்லணும்."

"பதில் வருது டாரில். ஆனா சான்றிதழ்…"

"சரிபாக்காதேன்னு ஒரு வார்த்தை இருக்குமில்ல? அதச் சேத்து ஓட்டு. எல்லாரும் அதத்தானே பண்றாங்க. நம்ம வண்டிதானே, களவாணியா வரப்போறான்?"

செய்யக்கூடாது என்று படித்திருந்தாள். அவசரத்தில் எல்லாரும் செய்வார்கள் என்பதும் தெரியும். அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தாள். ஓட்டினாள்.

பச்சை.

'எண் ஏழு: நலம்.'

நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். டாரில் அவள் தோளைத் தட்டிவிட்டு, வாசலில் போய்க் கையை ஆட்டினார். கென்னின் வண்டி உறுமிக்கொண்டே திரும்பிப் போகும் சத்தம், போகப் போகக் காற்றோடு காற்றாகிவிட்டது.

"ஷெட் தகரம் பறக்கப் பாக்குது. கட்டிட்டு வந்துர்றேன். கெட்டில் போடு. உன் அண்ணன் வந்ததும் பிஸ்கட் கணக்கு பேசணும்."

சாவிகள் குலுங்கிக்கொண்டே புழுதிக்குள் போயின.

கெட்டில் கொதிப்பதற்குள் திரையில் இன்னொரு வரி விழுந்தது. 'எண் ஏழு: நலம்.' பொத்தானை மணிக்கொரு தரம் அழுத்தினால் போதும். அண்ணன் பயந்திருப்பார், அதனால்தான் அழுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டாள். கோப்பையில் தண்ணீர் ஊற்றுவதற்குள் இன்னொன்று. நலம். உட்காருவதற்குள் மேலும் ஒன்று. நலம். நலம்.

வரைபடத்தைத் திறந்தாள். ஏழாம் எண்ணின் புள்ளி சாலையில் இல்லை. உப்பு ஏரியின் நடுவே, எந்தச் சக்கரமும் புதைந்துபோகும் சேற்றின் மேல், நூல் பிடித்த மாதிரி நேராக ஊரை நோக்கி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வண்டியின் விவரம். படித்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

எஞ்சின்: அணைந்துள்ளது.

ரேடியோ கரகரத்தது.

"லொசா."

அண்ணனின் குரல். சளி கட்டினாற்போன்ற அதே அடிக்குரல், 'சா'வை இழுக்கும் அதே இழுப்பு. அவள் பாய்ந்து மைக்கை எடுத்துவிட்டாள்.

"லொசா. வழி தெரியல. விளக்கப் போட்டு வை. கதவத் திறந்து வை."

கட்டைவிரல் மைக்கின் பொத்தான் மேல் அப்படியே நின்றது. அவள் சிறுமியாக இருந்ததற்கப்புறம் எபேலி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா இறந்த அன்றுகூட, பக்கத்து வீட்டு அக்கா மூலமாகத்தான் 'அழாதே' என்று சொல்லி அனுப்பினான்.

"யாரு நீ?" அவள் குரல் கிறீச்சிட்டது. "என் அண்ணன் எங்கிட்ட நேரா பேசமாட்டார். எதுன்னாலும் டாரில்கிட்டதான் சொல்வார்!"

ரேடியோ அடங்கியது. இரைச்சல்கூட இல்லை. யாரோ காதைக் கொடுத்துக் கேட்டு, மனதில் எழுதிக்கொள்ளும் அமைதி.

ஏன் சொன்னேன்?

ஸ்கிரிப்டில் தான் சேர்த்த வார்த்தையை அழித்தாள். ஓட்டினாள். ஏழாம் எண் மறுபடி சிவப்பானது. 'உறுதிசெய்ய முடியவில்லை.' அதற்குக் கீழே, இவ்வளவு நேரம் அந்த நலங்கள் வழியை அடைத்திருந்ததுபோல, இன்னொரு வரி திணறித் திணறி வந்தது.

'எண் ஏழு: சான்றிதழ் சரி. அவசர உதவி கோரப்படுகிறது.'

இடம், ஓடை கடக்கும் துறை. மதியத்திலிருந்து அசையவில்லை.

அண்ணன் அங்கே கிடக்கிறார். மதியத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். தேடப் போக நின்றவர்களை அவள்தான் திருப்பி அனுப்பினாள்.

தொலைபேசியை எடுத்தாள். உயிரில்லை. ரேடியோவில் கத்தினாள். "டாரில்! கென்னத் திருப்பிக் கூப்பிடுங்க! அண்ணன் ஓடைகிட்ட இருக்கார்! டாரில்!"

ஷெட்டின் பக்கம் தகரம் ஒருமுறை அடித்துக்கொண்டது. அப்புறம் அதுவும் இல்லை.

வெளியே ஓடிப்போய் அவரைக் கூட்டிவரலாம் என்று கதவுவரை போனாள். கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பித் திரையைப் பார்த்தாள்.

சிவப்புப் புள்ளி ஏரியில் இல்லை.

ஷெட்டில் இருந்தது.

கதவைப் பூட்டினாள். விளக்கை அணைத்தாள். மேசைக்கும் சுவருக்கும் நடுவே குந்தினாள். திரை வெளிச்சம் மட்டும். புள்ளி ஷெட்டிலேயே நின்றது. நின்றது. அங்கே அதற்கு என்ன வேலை?

பிறகு நகர்ந்தது.

மணலில் காலடிச் சத்தம் இல்லை. சாவிகள் குலுங்கும் சத்தம் மட்டும். பாட்டில் திறப்பான் சாவிகளில் மோதும் அந்தச் சின்னக் கிணுகிணுப்பு. கதவுக்கு வெளியே வந்து நின்றது.

"டாரில்," என்றது அண்ணனின் குரல். மெதுவாக. மரியாதையாக. "என் தங்கச்சிகிட்ட சொல்லு. நான் நலமா இருக்கேன்னு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாரிலின் செருமல். டாரிலின் சிரிப்பு.

"கேட்டியா லொசா? உன் அண்ணன் நலமாம்."

இரண்டு குரலும் ஒரே இடத்திலிருந்து வந்தன. ஒரே உயரம். ஒரே மூச்சு.

பூட்டுக்குள் சாவி நுழைந்தது. திரும்பியது.

கதவு திறந்தது. ஈரத்துண்டு தரையில் இழுபட்டது. சிவப்புப் புழுதி உள்ளே வந்தது. புழுதிக்குள், ஆள் மார்பு இருக்கவேண்டிய உயரத்துக்கு வெகு மேலே, நிலைப்படியின் மேல்கட்டையை ஒட்டி, அண்ணனின் பொத்தான் பச்சையாக எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

அது குனிந்து உள்ளே வந்தது. அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது, நேற்று அண்ணன் நின்ற அதே இடத்தில்.

"அவ என்ன சொல்றா, டாரில்?" என்று தன்னையே கேட்டது.