தொண்ணூற்றிரண்டு மார்க் மரணம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும். சத்தியம் பண்ணியாயிற்று. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டி விளம்பரம் படிக்கலாம்.

காலை எட்டு நாற்பது.

ஆனர்ஸ் பிரிவின் இயக்குநர் ஐந்தாவது மாடியிலிருந்து கீழே வந்தார்.

லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை.

சைக்கிள் ஸ்டாண்டின் சிமெண்ட் தரையில் குப்புறக் கிடந்தார். அவரைப் பார்த்து முதலில் அலறியது முதலாண்டு மாணவி ஒருத்தி. இரண்டாவது பார்வையில் அது யார் என்று தெரிந்ததும் அலறலை நிறுத்திக்கொண்டாள்.

காரணம் இருந்தது. ஆயிரம் பேர் விண்ணப்பித்தால் இருபது பேரைச் சலித்தெடுத்து, அந்த இருபது பேரையும் மூன்று வருஷம் அழவைத்து அனுப்புகிற இடம் அந்த ஆனர்ஸ் பிரிவு. நடத்தியவர்கள் நாலே பேர்.

ஒருவர், கீழே கிடக்கிறவர்.

அடுத்தவர் துணை இயக்குநர். இருபது வருஷத்தில் யாருக்கும் நாற்பத்தைந்துக்கு மேல் மார்க் போட்டதில்லை. பெயரே 'நாப்பத்தஞ்சு' ஆகிவிட்டது.

மூன்றாவது, கணக்குப் பேராசிரியை. மேடம் என்றால் அவர்தான். பன்னிரண்டு வருஷமாக நாப்பத்தஞ்சோடு பேச்சுவார்த்தை கிடையாது.

நாலாவது ஆள், அலுவலகக் கண்காணிப்பாளர். எல்லாருக்கும் ஆபீஸ் அக்கா. அட்டவணை, கடிதம், மார்க் பட்டியல் எல்லாம் அவர் கை.

அக்காவின் மகள் அந்த வருஷம் அங்கேதான் படித்தாள். தேற நாற்பது வேண்டும். அவளுடைய ஆய்வேட்டுக்கு இயக்குநர் போட்டது முப்பத்தொன்பது.

ஒரு மார்க்!

நாலு நாளாகப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறும் இல்லை, பேச்சும் இல்லை. பட்டியல் இன்று பன்னிரண்டு மணிக்குப் பதிவாளர் அறைக்குப் போகும். அதுவரை பிரிவின் பொறுப்பில் யார் இருக்கிறாரோ அவர் மார்க்கைத் திருத்தலாம். போனபின் யாராலும் முடியாது. மூன்று வருஷப் படிப்பு, குப்பைத் தொட்டி.

இன்ஸ்பெக்டர் ஒன்பதே காலுக்கு வந்தார். இளம் வயதில் இதே ஆனர்ஸ் நேர்காணலில் தோற்று ஓடியவர். நாப்பத்தஞ்சு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ... கவிதை எழுதுறேன்னு சொன்ன பையன்தானே?"

"இப்ப குற்றப்பத்திரிகை எழுதுறேன் சார்."

இயக்குநரின் மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது. கையெழுத்து இல்லை.

'வாழ்நாளெல்லாம் பிறர் விடைகளில் பிழை தேடினேன். இன்று கண்ணாடியில் ஒரு தவறான விடை நின்றுகொண்டிருந்தது. அடித்துவிட்டேன்...'

இப்படியே ஒரு பக்கம்.

இன்ஸ்பெக்டர் படித்து முடிப்பதற்குள் மேடத்தின் பென்சில் கடிதத்தை நோக்கி நீண்டது. இன்ஸ்பெக்டர் தாளைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"மேடம், இது தடயம்."

"இருக்கட்டும். ரெண்டாவது வரிக்கு ஆதாரமே இல்லையே."

இதற்கிடையில் அக்கா வராந்தாவில் நாப்பத்தஞ்சை மடக்கினார். இயக்குநர் போனதால் பொறுப்பு இப்போது அவருடையது. ஒரே ஒரு மார்க் போடும்படி கேட்டார்.

"ஏம்மா, கீழ பாடிய இன்னும் எடுக்கல. நீ மார்க்கப் பத்திப் பேசுற?"

"பட்டியல் பன்னெண்டு மணிக்குப் போகணும் சார். பாடி எப்ப வேணா போகலாம்."

நாப்பத்தஞ்சு சிரித்தார். ஆய்வேட்டைத் தானும் படித்ததாகவும், நல்ல தூக்கம் வந்ததாகவும் சொன்னார்.

"முப்பத்தொம்பதே ஜாஸ்தி. உங்களுக்கெல்லாம் எழுத்து வராதும்மா. அது ரத்தத்துல இருக்கணும்."

"சரிங்க சார்," என்றார் அக்கா.

நேரே இன்ஸ்பெக்டரிடம் போனார். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். தற்கொலையா கொலையா என்று அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க எந்தப் பேப்பர் வந்தாலும் ரெண்டு பேர் தனித்தனியா திருத்துவாங்க சார். இதையும் குடுத்துப் பாருங்க. எழுதினவங்களுக்கு எழுதினது மேல ஒரு பாசம் இருக்கும். மறைக்க முடியாது."

நேர்காணலில் தோற்றவருக்கு அந்த யோசனை இனித்தது. பேராசிரியர்களுக்கே பரீட்சை!

இரண்டு நகல். இரண்டு அறை. பதினைந்து நிமிஷம். ஏன் எதற்கு என்று இருவரும் கேட்கவில்லை. தாளைக் கண்டதும் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார்கள்.

மேடம் போட்டது இருபத்திரண்டு. ஓரத்தில் குறிப்பு வேறு: 'முடிவு சரி. வழிமுறை காட்டப்படவில்லை.'

நாப்பத்தஞ்சு போட்டது...

தொண்ணூற்றிரண்டு!

தாளில் ஒரு துளி ஈரம் இருந்தது. மனிதர் அழுதிருக்கிறார். அடியில், 'மொழியின் உச்சம்' என்று எழுதியிருந்தார்.

அக்கா பழைய மார்க் பதிவேடுகளைக் கொண்டுவந்து மேஜையில் அடுக்கினார். இருபது வருஷம், நாற்பத்தைந்தைத் தாண்டிய ஓர் எண் இல்லை. அடுத்து நாப்பத்தஞ்சின் கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். கடிதம் அதில் படுத்திருந்தது. அடித்த நேரம், அன்று காலை ஏழு ஐம்பது.

தான் வந்ததே ஒன்பது மணிக்குத்தான் என்று நாப்பத்தஞ்சு கத்தினார். பார்த்தவர் யாரும் இல்லை. இயக்குநர் நாற்காலிக்காக இவரே கொன்றுவிட்டார் என்று மேடம் உதவியாக எடுத்துக் கொடுத்தார்.

"ஒரே ஒரு கேள்வி சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இது உங்க நடைதானே?"

நாப்பத்தஞ்சு கடிதத்தை மறுபடி படித்தார். முதல் வரி... இரண்டாவது வரி... பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார்.

அக்கா பதிவேடுகளின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு வருஷமாக நாப்பத்தஞ்சின் கட்டுரை, சொற்பொழிவு, இரண்டு பரிசு வாங்கிய புத்தகம், எல்லாவற்றையும் அவர் கம்ப்யூட்டரிலேயே எழுதிக் கொடுத்தவர் அக்கா. அது தன் எழுத்தில்லை என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. இப்போது ஞாபகம் வந்தது.

ஒரு வாக்கியம் சொன்னால் கழுத்து தப்பும். எனக்கு எழுத வராது, எல்லாம் இந்த அம்மா எழுதினது... அவ்வளவுதான்.

ஆனால் எதிரே மேடம் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆவலாக.

நாப்பத்தஞ்சு கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"ஆமா. என் நடைதான்."

கையில் விலங்கு ஏறியது.

பதினொன்றரைக்குத் துணைவேந்தரிடமிருந்து போன் வந்தது. பிரிவின் பொறுப்பு மேடத்துக்கு. மேடம் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

அக்கா மகளின் ஆய்வேட்டை அவர் முன்னால் வைத்தார்.

காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அறையில் புகை எச்சரிக்கை மணி இருந்ததால் இயக்குநர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் சிகரெட் பிடிப்பார். அக்கா பின்னால் நின்று ஒரு மார்க் கேட்டார். அவர் திரும்பாமலே முடியாது என்றார். அக்கா "சரிங்க சார்" என்றார். மீதியைப் பூமி பார்த்துக்கொண்டது.

மேடம் ஆய்வேட்டை நாலு நிமிஷம் புரட்டினார். மூடினார்.

"முப்பத்தெட்டு."

"முப்பத்தொம்பது இருந்துச்சே மேடம்..."

"அவர் தாராள மனசுக்காரர்."

மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

"சரிங்க மேடம்," என்றார் அக்கா. ஜன்னலருகே போய்க் கீழே பார்த்தார். "பாடிய சுத்திப் போலீஸ் சாக்பீஸ்ல கோடு போட்டிருக்காங்க. அளவு சரியான்னு தெரியல."

எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பாக ஒரு கோடு எங்கேயோ கிடக்கிறது என்றால் மேடத்தால் உட்கார முடியுமா? பென்சிலோடு எழுந்து வந்தார்.

"முழங்கைக்கிட்ட கோணம் தப்பு," என்று எட்டிப் பார்த்தார்.

"எங்க மேடம்?"

"அதோ..." மேடம் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஆனர்ஸ் பிரிவின் பொறுப்பில் மிச்சமிருந்தது அக்கா மட்டும். பட்டியலை எடுத்தார், மகளின் எண்ணுக்கு நேரே நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்கு மேல் அரை மார்க்கூடப் போடவில்லை. நேர்மையான பெண்மணி.

பட்டியல் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது.

நேரில் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். அந்தக் கட்டிடத்துக்கு மாடியே கிடையாது.