பளபளப்பாய் வந்த டைட்டானியம்

மழை... அதுவும் குடை எடுக்காத நாளாகப் பார்த்து. பேருந்து நிறுத்தத்தில் அரை பெஞ்சுதான் காலி. மீதி அரையில் தொழிற்சாலை நீலச் சட்டையோடு ஒருவன். தன் முகத்தில் வழிந்த நீரை விட்டுவிட்டு, மடியிலிருந்த ரிப்போர்ட்டின் பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்த அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் எழுதிய ரிப்போர்ட்!

"முக்கியமான பேப்பரோ?"

"நம்பினா முக்கியம்ங்க. யாரோ ஒரு லேப் மேடம்... கொதிக்கிற அமிலத்துல, அவ்வளவு அழுத்தத்துல, மூணு நாள் டைட்டானியத்தை ஊறவெச்சாங்களாம். அது குளிச்சிட்டு வந்த மாதிரி பளபளன்னு வந்துச்சாம். காதுல பூ சுத்துறாங்க."

"டைட்டானியத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"குழாய் வெல்டர் நான். பதினோரு வருஷமா அதோடதான் குடித்தனம். அதுமேல கண்ணுக்குத் தெரியாம ஒரு தோல் இருக்கும். அது இருக்கிற வரைக்கும் ராஜா. சூடான அமிலம் அதை உரிச்சிடுச்சுன்னா... சோப்புக்கட்டி!"

"அந்த மேடம் நான்தான்."

அவன் துடைப்பதை நிறுத்தி நிமிர்ந்தான். இமைகளில் மழைத்துளிகள்... பெரிய கண்கள். அவை அழகாக இருந்ததில் அவளுக்கு எரிச்சல் கூடியது.

"கோபப்படாதீங்க மேடம். கலனுக்குள்ள அது மட்டும்தான் இருந்துச்சா? வர்ற திங்கட்கிழமை எங்க குழாய்ல அமிலம் விடறாங்க. அதான் கேட்டேன்."

"என் வேலையை எனக்குச் சொல்லித்தர வேணாம்!"

பேருந்து வந்தது. ஏறிவிட்டாள். இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் அவன் கேள்வி உறைத்தது: கலனுக்குள் அது மட்டும்தான் இருந்ததா?

அது மட்டும் இல்லை. லேபில் இருப்பது ஒரே அழுத்தக் கலன். வரிசையில் காத்திருந்த வேறொருவரின் செம்புத் துண்டுகளையும், நேரம் மிச்சம் என்று, அதே கலனில் மேல் கொக்கியில் தொங்கவிட்டிருந்தாள். செம்பு அமிலத்தில் கரைந்திருக்கும். கரைந்த செம்பு டைட்டானியத்தின் தோலை உரியவிடாமல் காக்கும். அவன் குழாய்க்குள் செம்பு ஏது?

மறுநாளே டைட்டானியத்தைத் தனியாக வைத்தாள். மூன்று நாள் கழித்துக் கலனைத் திறந்தபோது துண்டு சாம்பல் பூத்துக் கிடந்தது. தராசில் ஐந்தில் ஒரு பங்கு எடை காணோம்.

லேப் தலைவர் கதவைச் சாத்தினார். "ரிப்போர்ட் போயாச்சும்மா. விட்டுடு. கையெழுத்து உன்னுது. நாறுனா உன் பேர்தான் நாறும்."

கைநாட்டு வைக்கிற வீட்டிலிருந்து வந்த முதல் கையெழுத்து அது. 'இதுங்களுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?' என்று ஒரு வாய்கூடத் திறக்கக் கூடாதென்றே இத்தனை வருடம் பல்லைக் கடித்துப் படித்தவள். இப்போது அந்த வாய்களுக்கு அவளே சாவி கொடுக்க வேண்டும்.

கைப்பையில் அந்தச் சாம்பல் பூத்த துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தொழிற்சாலைக் கூடத்தில் எட்டுப் பேர் குழாயைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவன் வெல்டிங் முகமூடியை மேலே தள்ளினான். அவள் மூச்சு வாங்க நின்றாள்.

"தப்பு என்னோடது. நீங்க கேட்டது சரி. கலனுக்குள்ள செம்பும் இருந்துச்சு. திங்கட்கிழமை அமிலம் விடாதீங்க... இந்தாங்க, எழுதியே கொண்டுவந்திருக்கேன்."

யாரோ ஒருவன் பின்னால் சிரித்தான். வெல்டர் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பு நின்றது.

அவள் நீட்டிய சாம்பல் துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினான். "வேற வழி?"

"டைட்டானியத்துலயே பல்லேடியம்னு ஒரு உலோகம் கொஞ்சம் சேர்த்த வகை இருக்கு. சோதிச்சுச் சொல்றேன். தனியாத்தான்."

"உங்க வேலை?"

"போனாலும் போகும்."

"பயமா இல்லையா மேடம்?"

"இருக்கு. ஆனா குழாய் பொத்துக்கிட்டா பக்கத்துல நிக்கிறது நீங்கதானே?"

"எட்டுப் பேர் நிக்கிறோம்."

"தெரியும்." அவள் குரல் கறாராகத்தான் இருந்தது. காது மட்டும் சிவந்திருந்தது. "வந்தது எட்டுப் பேருக்காகத்தான். பஸ்ஸுக்குக்கூட நிக்காம ஓடி வந்தது... ஒருத்தருக்காக."